தாடையில் இரண்டு விரல்

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சித்திரை, வைகாசி மாதங்களில் ஜன்னலை மூடமாட்டார்கள். ரோட்டோரம் நெடுக முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை எழும்பிக்கொண்டிருக்கும். வாங்கித் தின்கிறவர்களுக்கு அது வாசம். வறுக்கிறவர்களுக்குக் கண்ணெரிச்சல், இருமல், கறுத்துப்போன விரல்கள்.

அந்தப் புகைகளில் ஒன்று சந்தனத்தினுடையது. அறுபதை நெருங்கிய பொம்பளை. புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. ஓட்டை போட்ட தகரச் சட்டியில் கொட்டையைக் கொட்டி, அடியில் தைலமரச் சருகைத் திணித்துப் பற்றவைப்பாள். சூடேறியதும் கொட்டையின் மேல்தோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து, அதுவே குபீரென்று தீப்பிடிக்கும். நீளக் கம்பால் கிளறிக்கொண்டே இருந்து, பதம் வந்ததும் கீழே கவிழ்த்து மண்ணை அள்ளிப் போட்டு அணைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் எண்ணெய் தங்கிவிடும், பிந்தினால் பருப்பு கரிந்துவிடும். நாற்பது வருஷமாக அந்தப் பதம் சந்தனத்துக்குத் தவறியதில்லை.

வறுத்ததை உடைத்துப் பருப்பெடுப்பது மருமகள் ராஜலட்சுமியின் வேலை. விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தி, கட்டையால் ஒரே தட்டு. சாம்பல் இல்லாமல் உடைத்தால் மிச்சமிருக்கும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோகும். சாம்பல் பூசினாலும் கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும். முந்திரி உடைக்கிறவள் யார் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, கையே சொல்லிவிடும்.

ராஜலட்சுமிக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி எட்டு வருஷம். புருஷன் நாகராசு மஸ்கட்டில் கட்டட வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவான். ஒரே மகள் காவ்யா பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அரிமளத்தில் மாமன் வீட்டுக்குப் போய்விடுவாள். சத்தம் வெளியே கேட்காத வீடு என்று ஊரில் அதற்கு நல்ல பேர் உண்டு.

அந்த வீட்டில் ஒரு ரகசியம் இருந்தது. ராஜலட்சுமியின் தாடையில் முடி முளைத்தது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பத்தொன்பது வயதில் நாலைந்து முடியாக ஆரம்பித்தது. பிள்ளை பெற்ற பிறகு தாடைக்கடியில் இரண்டு பக்கமும் கறுகறுவென்று வந்துவிட்டது. ஆம்பளை ஒரு மாதம் தாடி வளர்த்தால் ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று மரியாதையாகக் கேட்கிற ஊர், பொம்பளை தாடையில் நாலு முடியைப் பார்த்துவிட்டால் பட்டப்பேர் வைக்காமல் விடாது. அதனால் அவள் தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தாள். குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, கைக் கண்ணாடியைப் பிடித்து, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எரிச்சலுக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொள்வாள். ஐந்தரைக்கு வாசல் தெளிக்க வரும்போது முகம் சுத்தமாக இருக்கும். நாகராசு லீவில் வந்திருக்கிற மாதம் மட்டும் மூன்றரைக்கே எழுந்துவிடுவாள். எட்டு வருஷத்தில் இதில் ஒருநாள்கூட அவளுக்கு லீவு கிடையாது.

பங்குனி மாதம் நாகராசு போனில் பேசினான். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், வைகாசிக் கடைசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன், இனிமேல் திரும்பப் போவதில்லை என்றான். சந்தனம் சந்தோஷத்தில் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினாள். ராஜலட்சுமிக்கும் சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்ததும் கை தானாகத் தாடைக்குப் போனது. ஒரு மாதத்துக்கு மறைக்கலாம். ஆயுசுக்கும் பக்கத்தில் படுக்கப்போகிறவனிடம் எப்படி மறைப்பது? அவன் வருவதற்குள் இதை ஒழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

மாமியாரிடம் உடம்பு அசதி என்று சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். திருக்கோகர்ணம் போகிற ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அந்த ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மாதவிலக்குக் கணக்கெல்லாம் கேட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் நீர்க்கட்டி இருந்தது. அதற்கு மாத்திரை உண்டு, ஆனால் ஏற்கெனவே முளைத்த முடி மாத்திரையால் மட்டும் போகாது என்று சொல்லி, லேசர் மிஷினைப் பார்த்துக்கொள்கிற அடைக்கலமேரியிடம் அனுப்பினார்.

அடைக்கலமேரிக்கு நாற்பது வயதிருக்கும். ராஜலட்சுமி அவளிடம் கேட்டது ஒன்றுதான். வைகாசிக் கடைசிக்குள் முழுசாகப் போய்விடுமா?

"போகாதுங்க" என்றாள் அடைக்கலமேரி. "பொய்யச் சொல்லி ஒங்கள வரவைக்க மாட்டேன். மாசத்துக்கு ஒருக்கா, ஆறேழு தடவையாவது வரணும். அப்பவும் பூராம் போயிரும்னு சொல்ல முடியாது. மெலிஞ்சு, கொறைஞ்சு, அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு நிக்கும். நீர்க்கட்டி இருக்கிறதால அதுக்கப்புறமும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ வர வேண்டியிருக்கும்."

ஏன் அத்தனை தடவை என்பதையும் பொறுமையாகச் சொன்னாள். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளர்ந்துகொண்டிருக்கிற முடியின் கறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வெளிச்சம் வேருக்கு இறங்கும். மற்றதெல்லாம் அப்போது உள்ளே சும்மா கிடக்கும். அது கிளம்பி வருகிறபோது மறுபடி பிடிக்க வேண்டும். நரைமுடியில் ஒன்றும் நடக்காது. நம் நிறத்துக்கு எல்லா மிஷினும் ஒத்துக்கொள்ளாது, இங்கே இருப்பது ஒத்துக்கொள்ளும், என்றாலும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தாடைக்கு வருவோம் என்றாள். இதெல்லாம் ராஜலட்சுமிக்குப் புரிந்தது. அடுத்ததாகச் சொன்னதுதான் இடித்தது.

"இனிமே பிடுங்கக் கூடாது. வேர் உள்ள இருந்தாத்தான் மிஷினுக்கு வேலை. நாலு வாரம் இடுக்கியத் தொடாதீங்க. நீண்டுச்சுன்னா ரேசரால சவரம் பண்ணிக்கங்க. இங்க வர்றதுக்கு மொத நாளும் சவரம் பண்ணிட்டுத்தான் வரணும்."

"சவரமா? ஆம்பள மாதிரி அடர்த்தியாயிருமேங்க."

"அது சும்மா சொல்றது. பிளேடு நுனிய மொட்டையா வெட்டுறதால கரகரங்கும், அம்புட்டுத்தான். எண்ணிக்கை கூடாது."

ஊருக்குத் திரும்பி, முத்துராமன் கடையில் போய் ஒரு ரேசர் கேட்டாள். முத்துராமன் முகமெல்லாம் பல்லாக, நாகராசு வந்தாச்சா என்று விசாரித்தான். இல்லை, தையல் பிரிக்கிறதுக்கு என்றாள். அதற்குச் சும்மா பிளேடு போதுமே என்று அவன் ஒரு பிளேடை எடுத்து நீட்டினான். இல்லை, பிடி வைத்ததுதான் வேண்டும் என்று அவள் வாங்கிக்கொண்டு வந்தாள். பொழுது சாய்வதற்குள் மூன்று பேர் வறுக்கிற இடத்துக்கே வந்து, மகன் வந்ததைச் சொல்லவே இல்லையே என்று சந்தனத்திடம் குறைப்பட்டார்கள்.

சந்தனம் மருமகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் அந்த ரேசரைப் பார்த்தாள். அதில் பொடிப்பொடியாகக் கறுப்பு முடி ஒட்டியிருந்தது. ஆம்பளை இல்லாத வீட்டில் சவரம் செய்த ரேசர். அன்றைக்கு அவள் வறுத்த முதல் சட்டி முழுக்கக் கரிந்துபோனது.

சாயங்காலம் உடைத்து முடித்து எழுந்த மருமகளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினாள்.

"இந்தா புள்ள, நெசத்தச் சொல்லு. இந்த வீட்டுக்கு யாரு வந்துட்டுப் போறா?"

ராஜலட்சுமிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் அழுகை வந்தது. வாயால் சொல்ல முடியாமல், மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தாடையின்மேல் வைத்தாள். கையில் முள்முள்ளாகக் குத்தியது. சந்தனம் இன்னொரு பக்கத்தையும் தடவிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"இதுக்குத்தானா? நான் என்னென்னமோ நெனச்சு நாலு நாளா சோறு எறங்கல ஆத்தா" என்றாள். டாக்டரிடம் போனது, மிஷின், ரேசர் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. "அவங்கிட்ட மட்டும் சொல்லிறாத. நல்லவந்தான். ஆனாலும் ஆம்பள மனசு ஒருக்கா சுளிச்சிருச்சுன்னா நிமித்த முடியாது."

அன்றிலிருந்து ரகசியத்துக்கு இரண்டு காவலாளிகள் ஆனார்கள்.

சித்திரை பிறந்து சில நாளில் முதல் தடவை லேசர் வைத்துக்கொண்டாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தாடையில் சில்லென்று ஒரு களிம்பு. மிஷினின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்து அழுத்தும்போது, தாளிக்கையில் சூடான எண்ணெய் தெறித்த மாதிரி சுரீர் என்றது. தாங்க முடியாத வலி இல்லை. முடி பொசுங்குகிற வாடை வந்தது. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தாடை சிவந்து தடிப்புத் தடிப்பாக இருந்தது. ஐஸ் வைத்து அனுப்பினாள் அடைக்கலமேரி. இரண்டு நாளைக்கு அடுப்புச் சூட்டுக்கே போகக்கூடாது, வெயிலில் போனால் க்ரீம் தடவிக்கொண்டு முந்தானையால் மறைத்துக்கொள்ள வேண்டும், மஞ்சளோ பவுடரோ இப்போதைக்கு வேண்டாம், கொப்புளம் ஏதும் வந்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். மறுநாள் காலைக்குள் சிவப்பு வடிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து முடி முன்னைப் போலவே எட்டிப் பார்த்தது. ராஜலட்சுமி குளியலறையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போன் செய்தாள். அது வளரவில்லை, வேர் வெந்து வெளியே தள்ளுகிறது, இன்னும் நாலு நாள் பொறுங்கள் என்றாள் அடைக்கலமேரி. சொன்ன மாதிரியே முகம் துடைக்கிற துண்டில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தது. துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சந்தனம் அந்த மிஷினைக் கண்டுபிடித்தவனை வாயாரப் புகழ்ந்தாள். அப்புறம் கொஞ்சநாள் தாடை வழுவழுவென்று இருந்தது. பிறகு மறுபடி முளைத்தது, ஆனால் முன்னைவிடக் குறைவாக.

வைகாசியில் இரண்டாம் தடவை வைத்துக்கொண்டு வந்த அன்று கோடை மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. கண்மாயில் தண்ணீர் தேங்குகிற அளவுக்குப் பெய்தது. மழை நல்லதுதான். ஆனால் தைலமரச் சருகெல்லாம் நனைந்து, அடுப்பு எரியாமல் புகைந்தது. சந்தனம் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, அரைவேக்காட்டிலேயே கொட்டையை இறக்கினாள். தோட்டில் எண்ணெய் அப்படியே தங்கியிருந்தது. தரகர் மறுநாள் காலையில் பருப்பு வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ராஜலட்சுமி அதையும் உட்கார்ந்து உடைத்தாள். அடுப்புச் சூட்டுக்குத்தானே போகக்கூடாது, உடைக்கலாமே என்பது இரண்டு பேரின் கணக்கு.

மூன்றாம் நாள் காலையில் தாடையில் இரண்டு இடத்தில் தோல் வெந்து, ஓரத்தில் சின்னக் கொப்புளத்தோடு கறுத்திருந்தது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ராஜலட்சுமி கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. சந்தனம் பார்த்த மாத்திரத்தில் பொங்கிவிட்டாள். போன மாதம் வாயாரப் புகழ்ந்த மிஷினை அதே வாயால் வைதாள். மிஷினை வைத்துப் பிள்ளையின் முகத்தைப் பொசுக்கிவிட்டாளுக என்றாள். போன் செய்யலாம் என்று மருமகள் சொன்னதற்கும் விடவில்லை. போனில் பேசினால் மழுப்புவாளுக, திங்கட்கிழமை நேரிலேயே போய் நாலு கேள்வி கேட்போம் என்றாள்.

ஆனால் நாகராசு வருவது ஞாயிற்றுக்கிழமை. அவன் கேட்டால் என்ன சொல்வது? அதற்கும் சந்தனம் வழி வைத்திருந்தாள்.

"ஒடைக்கையில கொட்டை எண்ணெய் தெறிச்சுருச்சுன்னு சொல்லிருவோம். நம்ம வீட்டுல அது நடக்காததா?"

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்து நின்றது. நாகராசு கொஞ்சம் இளைத்திருந்தான், முன்தலையில் முடி ஏறியிருந்தது. காவ்யாவை மாமன் சாயங்காலம் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருந்தார். குளித்துவிட்டு வந்து இட்லியும் முதல்நாள் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட உட்கார்ந்தான். குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னான். கண் மட்டும் பரிமாறுகிறவளின் முகத்துக்கே போய்ப் போய் வந்தது. அவன் கேட்பதற்கு முன்னால் சந்தனம் முந்திக்கொண்டு, ஒடைக்கையில கொட்டை எண்ணெய் தெறிச்சுருச்சுப்பா என்றாள்.

நாகராசு கையைக் கழுவிவிட்டு வந்தான். ராஜலட்சுமியை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, தாடையை நிமிர்த்திப் பார்த்தான். அவனும் அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன்தான். சின்ன வயதில் எண்ணெய்க் கையோடு கொசுக்கடியைச் சொறிந்து, கழுத்தில் ஒரு வருஷம் தழும்போடு திரிந்தவன்.

"எண்ணெய்தான். ஆனா தெறிக்கல ஆத்தா. தெறிச்சா புள்ளி புள்ளியா விழுகும். இது வெரலு" என்றான். தன் பெருவிரலை ஒரு கறுப்பின்மேலும், ஆள்காட்டி விரலை இன்னொன்றின்மேலும் படாமல் வைத்துக் காட்டினான். அச்சு வார்த்தது போல் பொருந்தியது. "எண்ணெய்க் கையோட முடி இருக்கான்னு தடவிப் பாத்துருக்கா."

பொய் என்று இரண்டு பெண்களும் கட்டிவைத்தது நிஜமாக இருந்தது. நாற்பது வருஷமாக அந்த எண்ணெயில் புழங்குகிற சந்தனம் அதைப் பார்த்ததுமே சொல்லியிருக்க வேண்டும். மிஷின்மேல் இருந்த சந்தேகத்தில் அவளுக்குக் கொட்டை ஞாபகமே வரவில்லை. ராஜலட்சுமிக்கோ தன் விரல்கள் எப்போது தாடைக்குப் போகின்றன என்பதே தெரியாது. அவை அவளைக் கேட்டுக்கொண்டா போகின்றன?

முடி என்ற சொல்லும் வெளியே வந்துவிட்டது. சந்தனம் அடுப்பைப் பார்க்கிறேன் என்று முனகிக்கொண்டு, பற்றவைக்காத அடுப்பைப் பார்க்க ரோட்டோரம் போய்விட்டாள்.

ராஜலட்சுமி முதல் காரியமாகத் தாடையைப் போட்டோ எடுத்து அடைக்கலமேரிக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் அவள் உடனே கூப்பிட்டாள். மிஷின் சுட்டால் முனையின் அளவுக்கு வட்டம் வட்டமாக வரிசையில் இருக்கும், இது அப்படி இல்லை, எதுவாக இருந்தாலும் அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று கொஞ்சம் கடிந்துகொண்டாள். நாளைக்கு வந்து டாக்டரிடம் காட்டுங்கள், இந்தக் கறுப்பு ஆறுகிறவரைக்கும் லேசர் கிடையாது, இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம், அதுவரைக்கும் பிடுங்காதீர்கள், புண் ஆறியதும் ரேசர் மட்டும்தான் என்றாள். ஸ்பீக்கரில் வந்ததை நாகராசு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. ராஜலட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டு, பத்தொன்பது வயதிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"எனக்குத் தெரியுமே" என்றான் நாகராசு.

அவள் திரும்பினாள். "எப்பலேர்ந்து?"

"கல்யாணமான மொத மாசமே. நீ எந்திரிக்கையில நானும் முழிச்சுக்குவேன். கதவுக்கு அங்கிட்டு லைட்டு எரியும். அப்புறம் வீடியோ காலுல பேசுறப்ப எல்லாம் கை தாவாக்கட்டையிலேயேதான இருக்கும்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சொன்னா சங்கடப்படுவியேன்னு தூங்குற மாதிரியே கெடப்பேன். எனக்கு அது ஒரு பொருட்டே இல்ல ராசி."

இதைச் சொன்னால் அவள் மனது குளிரும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். அவன் முகத்தில் அப்படித்தான் இருந்தது. அவளுக்கும் ஒரு கணம் உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. அதற்குப் பின்னாலேயே கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன்மேல் வராத கோபம். விடியற்காலைக் குளிரில் கால் விறைக்க உட்கார்ந்த நாட்கள், காய்ச்சலோடு எழுந்த நாட்கள், பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் தையல் வலியோடு கண்ணாடியைப் பிடித்தது எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. லீவில் வந்தபோதெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் அவன் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"சங்கடம் அன்னைக்கு ஒருநாளோட போயிருக்கும்ங்க" என்றாள். குரல் உயரவில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எட்டு வருஷம் தூங்கியிருப்பேன்."

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. உள் அறைக்குப் போய், பாயை விரித்து, காற்றாடியைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். மணி பதினொன்று. உடைக்க வேண்டிய கொட்டை வாசலில் குவிந்து கிடந்தது. நாகராசு அந்தக் குவியலுக்கு முன்னால் வந்தான். பிறகு கைலியை மடித்துக் கட்டி, விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தான். பழக்கம் விட்டுப்போயிருந்தது. பாதிப் பருப்பு நொறுங்கியது.

மத்தியானம் சந்தனம் சாப்பிட வந்தாள். மகன் கொட்டை உடைக்கிற அழகைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள், உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நின்றாள். அறையை எட்டிப் பார்த்தாள். ராஜலட்சுமி மல்லாந்து, வாய் திறந்து, பெரிதாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் குறட்டை விடுவாள் என்பது அந்த வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது.